இரண்டு ஐம்பதுக்கு வலி எட்டு

கண்டக்டருக்கு வலி வருவதே உங்களால்தான் என்று டாக்டர் ஷைனி சொன்னபோது ஆவுடைநாயகம் சிரித்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் டிரைவராக இருக்கிறவர். அவரால் வலி வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. இரண்டு ஆட்டோக்காரர்கள், ஒரு யானைப்பாகன், மூன்று டெப்போ மேனேஜர்கள். அதில் கண்டக்டர் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கண்டக்டர் என்பது அவருடைய நாய்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், பஸ்ஸில் இனி கண்டக்டர் தேவையில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவாயிற்று. ஏறுகிறவர் முகத்தைப் படிக்கட்டுக் கேமராவே பார்த்துக் காசைக் கழித்துக்கொள்ளும். அதே வாரம் வண்ணார்பேட்டை ஸ்டாப்பில் செம்மண் நிறத்தில் ஒரு குட்டி ஏறி, காலியாய்க் கிடந்த கண்டக்டர் சீட்டில் போய் உட்கார்ந்தது. கேமரா அதன் முகத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, இன்னார் என்று விளங்காமல் விட்டுவிட்டது. குட்டி கடைசி ஸ்டாப் வரை இறங்கவில்லை. ஆவுடைநாயகம் அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கண்டக்டரை எல்லாம் எடுத்துட்டாங்கன்னு சொன்னீய, இது யாரு?" என்றாள் மனைவி கோமதி.

"இவன்தான் கண்டக்டரு."

அப்புறம் சில வருஷத்தில் பஸ்ஸும் தானாகவே ஓடக் கற்றுக்கொண்டது. ஆனாலும் டிரைவரை எடுக்கவில்லை. எங்கேயாவது இடித்துவிட்டால் சஸ்பெண்ட் செய்ய ஒரு ஆள் வேண்டுமே. ஆவுடைநாயகம் தினமும் காக்கிச் சட்டை போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஊரைச் சுற்றிவந்தார். அவர் சொல்லிக் கேட்கிற வேலையாள் என்று மிச்சம் இருந்தது கண்டக்டர் ஒருத்தன்தான். இல்லை, அங்கேயும் அவர்தான் அவன் சொல்லிக் கேட்பார். காலை நாலு நாற்பதுக்கு அவர் கேட்டைத் தாண்டி நின்றால், கண்டக்டர் இரண்டு குரைப்பு குரைப்பான். டபுள் விசில். போலாம் ரைட். அது விழாமல் அவர் தெருவில் காலை வைத்ததில்லை. மத்தியானம் இரண்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்தால் கேட்டடியில் ஒரே ஒரு குரைப்பு. வண்டி நிற்கட்டும்.

அந்தக் கண்டக்டருக்குத்தான் மூட்டுத் தேய்மானம். பின்னங்கால் இரண்டிலும், இடுப்பிலும்.

"இங்க பாருங்க அண்ணாச்சி." டாக்டர் ஷைனி அவர் போனில் மலை மலையாக ஓடிய கோட்டைத் திருப்பிக் காட்டினாள். முப்பது வயதுகூட இருக்காது. பாளையங்கோட்டையில் மாட்டு டாக்டரின் மகளாகப் பிறந்து நாய் டாக்டராக ஆனவள். "பெல்ட் மாட்டி இருபத்தோரு நாள் ஆச்சு. இது காலையில நாலு நாப்பது. வலி ஏழு. அப்புறம் நாள் பூரா மூணு, நாலுதான். படுத்துக் கிடக்கான், புரண்டு படுக்கான். இப்ப இங்க பாருங்க, ரெண்டு அம்பது. எட்டு. சில நாள் ஒன்பது. அந்த நேரத்துல வீட்ல என்ன நடக்குது?"

"நான் வருவேன்."

"நாலு நாப்பதுக்கு?"

"நான் போவேன்."

"இந்த ஒரு நாள் மட்டும் மலையே இல்லாம மட்டமா இருக்கே?"

ஆவுடைநாயகம் தேதியைப் பார்த்தார். "அன்னைக்குத் தென்காசியில தங்கச்சி வீட்டு விசேஷம். அங்கயே தங்கிட்டேன்."

கீழே கோணிச்சாக்கில் படுத்திருந்த கண்டக்டர், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். போனில் மூன்று என்பது நாலாயிற்று.

அந்தப் பெல்ட் பார்ப்பதற்குப் பழைய வாட்ச் பட்டை மாதிரிதான் இருக்கும். கழுத்தில் கட்டிவிட்டால் நரம்பு மூளைக்கு என்ன புகார் கொண்டுபோகிறது என்று வழியிலேயே மறித்துக் கேட்டுவிடும். கேட்டதைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லும். கட்டுகிற அன்றைக்கு டாக்டர் முதலில் தன் மணிக்கட்டில் கட்டி, ஒரு கிள்ளு கிள்ளிக் காட்டினாள். இரண்டு.

"மனுசங்களுக்கும் காட்டுமா?" என்று அன்றைக்குக் கேட்டவள் கோமதி. ஆட்டோவில் கண்டக்டர் அவள் மடியில்தான் படுப்பான் என்பதால் எப்போதும் அவளும் வரவேண்டும்.

"நரம்புக்கு என்னம்மா தெரியும், நாயா மனுஷனான்னு."

"எட்டுன்னா எவ்வளவு டாக்டர்?" என்றார் ஆவுடைநாயகம் இப்போது.

"மனுஷனுக்கு எட்டுன்னா உக்காந்து அழுவான்."

"இவன் வாலைல்லா ஆட்டுதான்."

"ஆட்டும்போதுதான் இடுப்பு உரசுது அண்ணாச்சி. சில நாள் ஒன்பது வருது பாருங்க, அது வால்தான்."

போன் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. ஏலம், டெண்டர் அறிவிப்பு எழுதுகிற ஆளிடம் எழுதி வாங்கிய தமிழ். *தூண்டல் காரணி கண்டறியப்பட்டது: உரிமையாளர். பரிந்துரை: தூண்டலைத் தவிர்க்கவும்.*

"ஊசியைக் கூட்டிப் போடலாமே?"

"மாச ஊசி போட்டாச்சு. மாத்திரையை இதுக்கு மேல கூட்டினா கிட்னி தாங்காது. நீங்களும் எல்லாம் செஞ்சுட்டீங்க."

எல்லாம்தான் செய்திருந்தார். வழுக்குகிற மொசைக் தரை பூராவும் கோணிச்சாக்கு விரித்து, ஓரத்தைப் பசை வைத்து ஒட்டி, வீட்டை அரிசி மண்டி மாதிரி ஆக்கியிருந்தார். வாசலில் மூன்று படிக்குப் பக்கத்தில் சிமென்ட்டில் சாய்தளம். சோற்றுத் தட்டுக்கு ஒரு முக்காலி, கழுத்தைக் குனியாமல் தின்ன. ராத்திரியில் வெந்நீர்ப் பை ஒத்தடம். ஞாயிற்றுக்கிழமை கோழிக் கழுத்து கொண்டுவந்து போடுகிற பக்கத்து வீட்டு சேவியரிடம் சண்டை போட்டு, முப்பத்தோரு கிலோவை இருபத்தைந்தாகக் குறைத்தார். சேவியர் அதற்குப் பின் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. கண்டக்டரோடு மட்டும் பேசினார்.

"இப்படியே விட்டா?"

"தினமும் ரெண்டு தடவை இந்த ஏழு, எட்டு விழுந்துச்சுன்னா ரெண்டு மாசத்துல பின்னங்கால் படுத்துரும். அப்புறம் நான் வீட்டுக்கு வந்து ஒரு ஊசி போட வேண்டியிருக்கும். அது வேற ஊசி." டாக்டர் கண்டக்டரைப் பார்க்காமல் சொன்னாள். "இந்த மலை ரெண்டையும் உடைச்சிட்டா ஒரு வருஷம்கூடத் தாங்குவான். அவன் பாக்காம வந்து பாக்காம போக முடியுமா?"

கோமதி எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெஷின் அவள் கையை ஒன்பது கிலோ என்று காட்டியது.

பார்க்காமல் வருவது எப்படி என்று ஆவுடைநாயகம் ஒரு வாரம் பழகினார். முதல் நாள் சேவியர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்தார். ஐம்பத்தாறு வயதில் சுவர் ஏறுகிறவனைத் திருடன் என்று கூப்பிடக்கூட யாருக்கும் மனசு வராது. குதித்த இடத்தில் கண்டக்டர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். எட்டு. அடுத்த நாள் டெப்போவிலேயே குளித்து, சேவியரின் சட்டையைப் போட்டு, சேவியரின் செருப்பில் வந்தார். புதுச் சட்டை கண்டக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்பது. அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம் தாமதித்து வந்து பார்த்தார். அந்த ஒரு மணி நேரமும் கண்டக்டர் கேட்டடியில் நின்றிருக்கிறான். போனில் அன்றைக்கு மலை இல்லை. இரண்டு ஐம்பதிலிருந்து மூன்று ஐம்பது வரை நட்டமாக ஒரு சுவர்.

"பேசாம டெப்போலயே தங்கிருதேன்," என்றார். "ஒரு பதினஞ்சு நாள். மறந்துருவான்."

கோமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமான புதுசுல நேரத்தோட வீட்டுக்கு வாங்கன்னு நான் கெஞ்சினப்பல்லாம் டூட்டி டூட்டின்னு ஓடினீய. நாய் வராதேன்னுச்சுன்னா உடனே கேக்கீய."

"அவன் வராதேன்னு சொல்லலட்டி. பெல்ட் சொல்லுது."

"சரி," என்றாள். நாலு சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள்.

போகிற அன்று கண்டக்டர் சாய்தளத்தில் சறுக்கிச் சறுக்கி இறங்கிவந்து, கேட்டடியில் நின்று இரண்டு குரைப்புக் கொடுத்தான். போலாம் ரைட். சட்டைப் பையில் போன் நடுங்கியது. ஏழு. 'இனிமே இந்த ஏழு கிடையாதுடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பிப் பார்த்தால் வால் ஆடும். அது ஒன்பது.

டெப்போ ஓய்வறையில் பன்னிரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் தளவாய் என்ற டிரைவர். நாற்பது வயது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து மூன்று மாசமாக அங்கேயே இருக்கிறவன்.

"என்ன அண்ணாச்சி, வீட்ல விரட்டிட்டாங்களா?"

ஆவுடைநாயகம் விஷயத்தைச் சொன்னார். தளவாய் ரொம்ப நேரம் யோசித்தான். "எம் பொண்டாட்டி கழுத்துல ஒண்ணு கட்டணும் அண்ணாச்சி. நான் வந்தா எத்தனை காட்டுதுன்னு பாக்கணும்."

"பாத்து?"

"அதுவும் சரிதான்," என்று திரும்பிப் படுத்தான்.

பெல்ட் சொன்னபடியே நடந்தது. முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஐந்து. இரண்டு ஐம்பது மலை குன்றாகி, குன்று மேடாகி, நாலாம் நாள் சமதரை. தினமும் காலையில் போனில் ஒரு வாழ்த்து வரும், பச்சைக் கட்டத்துக்குள் ரோஜாப்பூவோடு. *வாழ்த்துகள்! இன்று நீங்கள் இல்லாத நான்காம் நாள்.* ஆவுடைநாயகம் அதைத் தளவாயிடம் காட்டுவார். தளவாய் அதை மற்ற டிரைவர்களிடம் காட்டுவான். கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற பன்னிரண்டு பேருக்கும் கவனிக்க ஒரு வேலை கிடைத்தது. சாயங்காலத்தில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொள்வார்கள். "கண்டக்டரு எத்தனை?" "ரெண்டு."

ஒன்றே ஒன்று உறுத்தியது. அவருடைய பஸ் பதினொன்று இருபதுக்கு அவர் தெரு முனையைத் தாண்டிப் போகும். அப்போது மட்டும் இரண்டு என்பது மூன்றாகி, பஸ் போனதும் மறுபடி இரண்டாகும். தலையைத் தூக்கிப் பார்க்கிறான், அதற்கு ஒன்று. ஐந்தாம் நாள் அவர் சீட்டில் சரிந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே மறைத்துக்கொண்டு அந்த முனையைக் கடந்தார். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "டிரைவருக்கு யாரோ கடன்காரன் நிக்கான் போல," என்றாள். அப்போதும் மூன்று. சாயங்காலம் மேனேஜரிடம் கெஞ்சி வேறு ரூட் வாங்கிக்கொண்டார். ஆறாம் நாள் அந்த ஒன்றும் போயிற்று.

தினமும் வீட்டுக்குப் போன் போடுவார்.

"ஏ கோமதி, நம்பர் பாத்தியா?"

"எங்கிட்ட ஏது நம்பரு? அது ஒங்க போன்லல்லா வருது."

"ஒண்ணு! ஒண்ணுக்கு வந்துட்டான்."

"அவன் எந்திரிக்கவே மாட்டேங்கான்."

"அதாம்ட்டி ட்ரீட்மெண்ட்டே. எந்திரிச்சாத்தானே வலி."

"சோத்தையும் பாதி வச்சுட்டான்."

"இன்னும் ரெண்டு கிலோ குறையணும்னு டாக்டரு சொல்லியிருக்காங்கல்லா. நல்லதுதான்."

"சரி," என்றாள். "நீங்க சாப்பிட்டீயளா?"

ஏழாம் நாள் காலை ஆறு பத்துக்கு, பஸ் ஜங்ஷன் பாலத்தில் தானாக ஏறிக்கொண்டிருக்கும்போது, போனில் மத்தாப்பு வெடித்தது. திரை பூராவும் பூ, பூவுக்கு நடுவில் தங்க எழுத்தில் ஒரு பூஜ்யம். *வாழ்த்துகள்! முதல் பூஜ்யம்! உங்கள் செல்லப்பிராணி வலியிலிருந்து விடுதலை பெற்றது!*

ஆவுடைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தான் இல்லாமல் அவன் நன்றாக இருக்கிறான் என்பதில் ஒரு சின்ன வருத்தம் முள் மாதிரிக் கிடந்தது. அது அந்தப் பூஜ்யத்தில் கரைந்துபோயிற்று. எட்டரை மணி டீ பிரேக்கில் ஒரு கிலோ அல்வா வாங்கி ஓய்வறையில் எல்லாருக்கும் கொடுத்தார். இலையில் வழுக்கிய அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு தளவாய், "கண்டக்டருக்கு ஒரு ப்ரமோஷன் போடுங்க அண்ணாச்சி," என்றான். "செக்கிங் இன்ஸ்பெக்டர்." எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"கோமதி! பூஜ்யம்!"

போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"கேக்குதா? பூஜ்யம்ட்டி! டெப்போவுக்கே அல்வா வாங்கிக் குடுத்தேன். எங்க அவன்?"

"இங்கனதான் இருக்கான்."

"என்ன செய்யுதான்?"

"படுத்திருக்கான்."

"நல்லாத் தூங்கட்டும். எழுப்பிராத, என்ன?"

"இல்ல," என்றாள் கோமதி. "எழுப்பல."

பத்து மணிக்கு எண் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாலு. ஐந்து. மத்தியானம் இரண்டு ஐம்பதுக்கு எட்டு. அவர் பதறிப்போனார். மறுநாள் காலை நாலு நாற்பதுக்கு ஏழு. இரண்டு ஐம்பதுக்கு மறுபடி எட்டு. அவர் இல்லாத வீட்டில், அவர் போகாத நேரத்துக்கும் வராத நேரத்துக்கும் எழுந்து எழுந்து நிற்கிறான். போனில் ரோஜாப்பூ நின்றுபோய்ச் சிவப்புக் கட்டம் திரும்பிவந்தது. அவர் கேட்டபோதெல்லாம் கோமதி, "நல்லாத்தான் இருக்கான், நீங்க பதினஞ்சு நாளை முடிச்சிட்டே வாங்க," என்றாள். சாயங்கால ஸ்கோரை இப்போது யாரும் கேட்கவில்லை. தளவாய் மட்டும் கேட்டான். "மூணு வேளை சோறு போடுத பொம்பளை பக்கத்துலயே இருக்காவ. அவனுக்கு ஒங்களத்தான் தேடுதா அண்ணாச்சி?" சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மனைவிக்குப் பேசினானா என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் டூட்டி மாற்றிக்கொண்டு டாக்டர் ஷைனியிடம் போனார்.

டாக்டர் போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். ஏழாம் நாளில் விரல் நின்றது. ஆறு பத்திலிருந்து பத்து மணி வரைக்கும் தரையோடு தரையாக ஒரு கோடு.

"இது என்ன அண்ணாச்சி?"

"பூஜ்யம் வந்துச்சுல்லா. நாலு மணி நேரம் நின்னுது. அப்புறம்தான் ஏறிட்டு."

"தூங்கும்போதுகூட அரை காட்டும்," என்றாள் டாக்டர் மெதுவாக. தனக்குத்தானே சொல்வது போல. அப்புறம் கோட்டைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இது இடுப்பு இல்லையே. முட்டி. முட்டி மட்டும்தான்." நிமிர்ந்தாள். "வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா."

டாக்டர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்திருக்கணும். நம்பர் இறங்குது, நம்பர் இறங்குதுன்னே இருந்துட்டேன். வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."

"இன்னும் அஞ்சு நாள் பாக்கி—"

"இப்பவே போங்க."

அவர் தெருமுனையில் இறங்கும்போது மணி இரண்டு நாற்பத்தெட்டு. காக்கிச் சட்டைதான். சேவியர் தன் வாசலில் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டடியில் ஆவுடைநாயகம் நின்றார். அந்த ஒற்றைக் குரைப்புக்காக நின்றார். வரவில்லை. ஆனால் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். ஐந்து. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். ஆறு. ஏழு. சாக்கில் காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம்.

'வாரான்,' என்று நினைத்தார். 'வேண்டாம்டா, வேண்டாம்டா.'

எட்டு. கதவு திறந்தது.

கோமதி. ஒரு கை சுவரில். மூன்று படியில் இறங்க முடியாமல், கண்டக்டருக்காகக் கட்டிய சாய்தளத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்கி வந்தாள். கேட்டடிக்கு வந்ததும் குனிந்தாள். கேட்டுக்குக் கீழ்த்தாழ்ப்பாள் ஒன்று உண்டு. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் குட்டி தெருவுக்கு ஓடிவிடக்கூடாது என்று அவர்தான் தரையோடு வைத்தது. அதைத் தூக்கக் குனிந்தபோது போனில் ஒன்பது.

"இன்னைக்கே வந்துட்டீயளா," என்றாள்.

தூக்கிச் செருகியிருந்த சேலைக்குக் கீழே, இடது முட்டியில், பழைய வாட்ச் பட்டை மாதிரி ஒன்று கட்டியிருந்தது.

"எங்க அவன்?" என்றார். தெரிந்துதான் கேட்டார்.

"பின்னால. முருங்கைக்குப் பக்கத்துல. சேவியர் அண்ணன்தான் குழி வெட்டுனாரு. கோழிக் கழுத்து வாங்கியாந்து போட்டுத்தான் மூடினாரு. வையாதீய அவரை."

ஆவுடைநாயகம் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சொல்லல?"

"சொன்னேன். எந்திரிக்கவே மாட்டேங்கான்னு சொன்னேன். ட்ரீட்மெண்ட்டுன்னீய. சோறு திங்கலன்னேன். நல்லதுன்னீய." அவள் குரலில் கோபம் இல்லை. சாமான் லிஸ்ட் வாசிப்பது மாதிரி இருந்தது. "அன்னைக்குப் பக்கத்துல உக்காந்துட்டுத்தான் இருந்தேன். என்னன்னு சொல்லுததுக்குள்ள, அல்வா குடுத்தேன்னு சொல்லுதீய. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"அதுக்கு நீ எதுக்குட்டி இதைக் கட்டின?"

"போன்ல ஓட்டம் நின்னா பயந்துபோய் ஓடி வந்துருவீயன்னு. பதினஞ்சு நாள் முடிஞ்சு வந்தா, அது வரைக்கும் நல்லா இருந்துட்டுத்தான் போனான்னு நெனைச்சுக்கிடுவீயன்னு. எனக்குன்னா நல்லாத்தான் காட்டும்னு நெனைச்சேன்." சற்று நிறுத்தி, "எத்தனை காட்டுச்சு?" என்றாள்.

"எட்டு. ரெண்டு அம்பதுக்கு."

"கூடவா, குறைச்சலா?"

"எட்டுன்னா உக்காந்து அழணுமாம்."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதே," என்றாள் கோமதி.

இரண்டு பேரும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கோணிச்சாக்கு விரித்துக் கிடந்தது. அதன் ஓரம் ஒட்டவில்லை. நடுவில் ஒரு பள்ளம்.

"நீங்க போன அன்னைக்கே இங்கன வந்து படுத்துட்டான்," என்றாள். "சாக்கை நான்தான் கொண்டாந்து போட்டேன். உள்ள வரவே மாட்டேன்னுட்டான். ஹால்லயிருந்து எந்திரிச்சு வந்தாத்தானே வலிக்கும். இங்கனயே கிடந்தா, கேட்டு திறந்ததும் தலையை மட்டும் தூக்குனாப் போதும்லா. அவனே கண்டுபிடிச்சு வச்சிருந்தான்."

ஆவுடைநாயகம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏழு நாள். தலையைத் தூக்க ஒன்று. அந்த ஒன்றையும் ரூட் மாற்றிப் பிடுங்கினவர் அவர்தான்.

"நான்தான் வரலையே," என்றார். "பெறகு ரெண்டு அம்பதுக்கு நீ எதுக்கு எந்திரிச்ச?"

"அவன் எந்திரிக்கும்போது கூடவேதானே நானும் எந்திரிப்பேன். அவனா தாழ்ப்பாளைத் திறப்பான்?" என்றாள். "பதிமூணு வருஷப் பழக்கம். நேரமானா காலு தானா வருது. திறந்து பாத்துட்டுச் சாத்திருவேன்."

போன் நடுங்கியது. சிவப்புக் கட்டம். *தூண்டல் காரணி கண்டறியப்பட்டது: உரிமையாளர். பரிந்துரை: தூண்டலைத் தவிர்க்கவும்.* அவர் அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு, முதல்முறையாக அவள் முழங்கையைப் பிடித்துச் சாய்தளத்தில் ஏற்றினார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சேவியர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துவந்து கீழ்த்தாழ்ப்பாளைக் கழற்றினார். பதிமூன்று வருஷத் துரு. லேசில் வரவில்லை.

"நாளைக்கு மத்தியானம் டாக்டர்ட்ட போவோம்," என்றார்.

"எந்த டாக்டரு? ஷைனியா?"

"சிரிக்காத. நாளையிலிருந்து காலையில நீ எந்திரிக்கக் கூடாது. கேட்டைத் திறக்க, பூட்ட எனக்குத் தெரியும்."

மறுநாள் நாலு நாற்பது. சொன்னபடி கோமதி எழவில்லை. அவரே டீ போட்டுக் குடித்து, காக்கிச் சட்டையை மாட்டி, கேட்டைத் திறந்து, தாண்டி, பூட்டி, தெருவைப் பார்த்து நின்றார். நின்றபடியே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பஸ் எப்படியும் தானாக ஓடும். இவருக்குத்தான் கால் வரவில்லை. பின்னால் சாக்கு காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, அணைந்தது.

பூட்டு விழுந்த சத்தம் கேட்டதோடு சரி, செருப்புச் சத்தம் கேட்கவில்லையே என்று உள்ளே படுத்திருந்தவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டில் கிரீச்சிடுகிறதா என்று பயந்து அவர் பையில் கையை வைத்தார். பெல்ட் இன்னும் அவள் முட்டியில்தான். போன் நடுங்கவில்லை; அவள் எழவில்லை. படுத்த இடத்திலிருந்தே, தூக்கம் கலையாத குரலில், ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"போலாம், ரைட்."